நனைந்த அட்டை

அத்தியாயம் பதினேழு

நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது. இந்த மாதச் சம்பளத்தில் பிடித்தது போக, இளையவன் பட்டறை முதலாளியான தன் அத்தானுக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவு.

அறுபத்தெட்டாயிரத்து இருநூற்று ஐம்பதில் ஆரம்பித்த கடன். மாதம் ஆயிரத்து நானூறு வீதம் பத்தொன்பது மாதம் கழிந்துவிட்டது. இன்னும் முப்பது மாதம் இருக்கிறது. முப்பது மாதத்தில் ஒரு குழந்தை பிறந்து, நடந்து, எதிர்த்துப் பேசவும் கற்றுக்கொண்டுவிடும்.

கை நீட்டி வாங்கிய கடனா என்றால் இல்லை. ஒரு காசுகூட அவன் கையில் விழவில்லை. அவன் என்ஜினைப் பூட்டிக்கொடுத்த ஒரு வாடகைக் கார், இருபத்திரண்டாம் நாள் நடுரோட்டில் நின்றுபோனது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு வால்வு முறிந்து, பிஸ்டனைக் குத்தி, எல்லாம் தூள். வால்வைத் தேய்க்கிற பேஸ்ட்டை இளையவன் சரியாகத் துடைக்காமல் விட்டுவிட்டான், அது மணல் மாதிரி உள்ளே போய் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். கார்க்காரருக்குக் கொடுத்த நஷ்டம் முழுவதும் இளையவன் தலையில் ஏறியது.

பட்டறைத் தெருவில் அன்று முதல் அவன் பெயர் 'பேஸ்ட்டு'. "பேஸ்ட்டுக்கு ஒரு டீ" என்பார் டீக்கடைக்காரர். "குடிச்சிட்டு டம்ளரை நல்லாத் துடைச்சு வைப்பா" என்று பெஞ்சிலிருந்து ஒருவன் எடுத்துக்கொடுப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். சிரிக்காவிட்டால் நாளைக்கு இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள்.

நாமாவது அந்தப் பெயரில் அவனைக் கூப்பிட வேண்டாம்.

போன வாரம் ரொட்டி வேன் ஒன்று வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு பட்டறைக்குள் தள்ளிவரப்பட்டது வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதே இரவு இளையவனின் சம்சாரம் சொன்ன வார்த்தையும் ஞாபகம் இருக்கும். அவள் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்று நின்று வீங்கிய காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பேஸ்ட்டைத் துடைச்சீங்களா, இல்லையா? அதையாவது ஒரு தடவை உறுதியாச் சொல்லுங்க."

"துடைச்சேன்னுதான் நினைக்கறேன்" என்றான்.

"உங்க கையை நீங்களே நம்பலைன்னா நான் எப்படிங்க நம்பறது?"

அந்தக் கேள்விதான் ஆறு நாளாக அவனைத் தின்றுகொண்டிருந்தது. பணம் போனால் போகிறது. மூன்று தடவை துடைத்ததாக அவனுக்கு ஞாபகம். ஆனால் பத்தொன்பது மாதம் ஊரே ஒன்றைச் சொன்னால் ஞாபகமும் பயந்துபோய் ஊர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது.

*

காலை எட்டரை மணிக்கு அத்தான் ரொட்டி வேன் என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டை லேத் பட்டறையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தா மாப்ள. அடிப்பக்கத்தைச் சமமாக்கிக் குடுத்துட்டான். நீ கரியைச் சுரண்டு, வால்வை வை, மூடு. சாயங்காலம் ஆறு மணிக்கு ரொட்டிக்காரர் வந்து நிப்பார்."

"வால்வைப் பேஸ்ட்டு போட்டுத் தேய்ச்சு லேப் பண்ண வேண்டாமா அத்தான்?"

அத்தான் கையிலிருந்த துணியை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் எதையும் மெதுவாக வைத்தால் பேச்சு வேகமாக வரும் என்று அர்த்தம்.

"அந்த வார்த்தையை இந்தப் பட்டறையில நீ சொல்லலாமாடா?"

"இல்ல, மண்ணெண்ணெய் ஊத்திப் பார்த்துட்டு..."

"சீட்டும் நல்லா இருக்கு, வால்வும் நல்லா இருக்கு. அரிக்காத இடத்தை ஏன் சொறியணும்? எது எங்க இருந்துச்சோ அது அங்க போகணும். அவ்வளவுதான் வேலை. அறுபத்தெட்டாயிரம் உனக்குப் பத்தலையா?"

இளையவன் சுரண்டியைக் கையில் எடுத்தான்.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அத்தான் சொன்னது தப்பில்லை. வால்வு என்பது ஒரு நீளக் காம்பும் தட்டையான தலையும் உள்ள சாமான். அந்தத் தலை போய் உட்காருகிற வளையம்தான் சீட். லட்சக்கணக்கான தடவை எழுந்து உட்கார்ந்து, அந்த வால்வும் அந்த சீட்டும் ஒன்றுக்கொன்று பழகிப்போயிருக்கும். வயதான தம்பதி மாதிரி. ஒருத்தர் கோணலுக்கு இன்னொருவர் வளைந்து கொடுத்திருப்பார். அவற்றைப் பிரிக்காமல் அப்படியே வைத்தால் தேய்க்க வேண்டிய அவசியமே இல்லை. தேய்த்தால் இரும்பு கொஞ்சம் போகும். சும்மா எதற்குப் போக்கவேண்டும்?

ஆனால் ஜோடி மாறிப்போனால் கதை வேறு. ஒருத்தன் சீட்டில் இன்னொருத்தன் உட்கார்ந்தால் இடுக்கு விழும். அந்த இடுக்கு வழியாக நெருப்புப் பாயும். கொஞ்ச நாளில் வால்வு கருகும். பிறகு முறியும்.

அதனால்தான் கழற்றும்போதே ஒரு பழைய அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை குத்தி, ஒன்று, இரண்டு என்று எண் எழுதி, வால்வுகளை அந்தந்த ஓட்டையில் செருகி வைப்பார்கள். இந்தத் தெருவில் எல்லாப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். கழற்றுவதும் செருகுவதும் இளையவன் வேலை. மண்ணெண்ணெயில் கழுவித் தருவது அக்கா வேலை.

அக்கா என்றால் அவனுடைய சொந்த அக்கா. பட்டறை முதலாளியின் மனைவி. முதலாளியம்மா என்று பெயர்தான். கூலிக்கு ஆள் வைத்தால் செலவு என்று அவளையே மண்ணெண்ணெய் டிரம்மின் முன்னால் உட்கார வைத்துப் பதினோரு வருடம் ஆகிறது. விரல் எல்லாம் வெடித்துக் கிடக்கும். அந்த விரலால்தான் பட்டறைக் கணக்கும் எழுதுவாள். எழுத்து மட்டும் மணிமணியாக இருக்கும்.

"நான் கேஸ்கெட் வாங்கப் போறேன். வர மூணு மணி ஆகும்" என்று சொல்லிவிட்டு அத்தான் கிளம்பினார். வாசலில் நின்று திரும்பினார். "சொன்னது ஞாபகம் இருக்கட்டும், பேஸ்ட்டு."

*

பதினொரு மணி இருக்கும். அக்கா வால்வுகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

தகரத் தட்டில் இருந்தன. இரண்டு வரிசை. பெரிய வால்வு நாலு, சின்னது நாலு. பளபளவென்று இருந்தன. அட்டையைக் காணோம்.

"அட்டை எங்கக்கா?"

"நனைஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன். வரிசையாத்தான் வச்சிருக்கேன்."

"சரி."

அவன் சுரண்டுகிற வேலையில் இருந்தான். அக்கா போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

"தம்பி."

"ம்."

"இதை லேப் பண்ணிடேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "காலையில அவர் கத்தினது உன் காதுல விழலையா?"

"அவர் வர மூணு மணி ஆகும். அதுக்குள்ள முடிச்சிடலாம்."

"எதுக்கு? அதது இடத்துல வச்சா லேப்பே வேண்டியதில்ல. அவர் சொன்னது சரிதான்."

அக்கா தட்டைப் பார்த்தாள். எட்டு வால்வும் அவளைத் திருப்பிப் பார்ப்பதுபோல் இருந்தன.

"எது எந்த இடம்னு தெரியலடா" என்றாள்.

இளையவன் சுரண்டியைக் கீழே வைத்தான்.

"டிரம்மு விளிம்புல வச்சிருந்தேன். சாய்ஞ்சு உள்ள விழுந்துடுச்சு. எடுக்கறதுக்குள்ள அட்டை கூழாப் போச்சு. எல்லாம் அடியில போய்க் கிடந்துச்சு. பெருசையும் சின்னதையும் பிரிச்சுட்டேன். அதுக்கு மேல கண்டுபிடிக்க முடியல. ஒரு குத்துமதிப்பா அடுக்கினேன்."

குத்துமதிப்பா. அந்த வார்த்தையை அவள் தயங்காமல் சொன்னாள். முதல் தடவை செய்கிறவளுக்கு அந்த வார்த்தை அத்தனை லேசாக வராது.

"அக்கா."

"சீக்கிரம் ஆரம்பிடா. நேரம் போகுது."

"அந்த வாடகைக் கார். அன்னைக்கும் அட்டை விழுந்துச்சா?"

தெருவில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. "வா, வா, வா, நிறுத்து" என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா தட்டிலிருந்த வால்வுகளை நேராக நகர்த்தி வைத்தாள்.

"கேக்கறேன்ல?"

"ரெண்டுதான் மாறியிருக்கும்னு நினைச்சேன். சின்னதுல ரெண்டு. ஒரே மாதிரிதானே இருக்குது, என்ன ஆகிடப்போகுதுன்னு வச்சுட்டேன்."

"அன்னைக்கு நான் பெருசு ரெண்டைத்தான் லேப் பண்ணேன். சின்னதுல ஒண்ணையும் தொடல." அவன் குரல் தனக்குத்தானே பேசுகிற குரலாக இருந்தது. "முறிஞ்சது சின்னது."

"ஆமா."

"உனக்குத் தெரியும்."

"முறிஞ்சதைக் கொண்டுவந்து போட்டப்பவே தெரிஞ்சுபோச்சு."

பத்தொன்பது மாதம். ஆயிரத்து நானூறு, ஆயிரத்து நானூறு என்று அவள் கையாலேயே எழுதிய பத்தொன்பது வரி.

"சொல்லியிருக்கலாமேக்கா."

"எப்படிச் சொல்ல? அந்த வாரம்தான் என் பொண்ணோட ஹாஸ்டல் பணத்துக்கு அவர் கால்ல விழாத குறையாக் கேட்டுக்கிட்டிருந்தேன். நான்தான்னு தெரிஞ்சா அவளைப் படிப்பை நிறுத்தி இங்க உட்கார வச்சிருப்பார். உன்கிட்டன்னா தவணையில பிடிப்பார். என்கிட்டன்னா மொத்தமாப் பிடிப்பார்."

"அதனால என்னைத் தவணைக்கு விட்டே."

"ஒவ்வொரு மாசமும் எழுதறப்போ கை நடுங்கும்டா."

"நடுங்கினாலும் எழுத்து நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் முகம் சுண்டிப்போனது. அவனுக்கு அது போதவில்லை.

இந்தப் பத்தொன்பது மாதத்தில் அக்கா எவ்வளவோ செய்திருக்கிறாள். அவன் மகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். மழைக்குக் குடை கொடுத்தாள். மதியச் சாப்பாட்டில் அவனுக்கென்று ஒரு கரண்டி கூடுதலாக எடுத்து வைத்தாள். 'அத்தான் எப்படி இருந்தாலும் அக்கா தங்கம்' என்று சம்சாரத்திடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான். இப்போது பார்த்தால் அதெல்லாம் பாசம் இல்லை, வட்டி. அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அவர்கிட்டச் சொல்லிடாதடா" என்றாள்.

*

இப்போது அவன் முன்னால் இரண்டு வழி இருந்தது.

சொன்னபடி மூடிவிடலாம். வால்வு ஜோடி மாறி இருக்கிறது. ஒரு மாதமோ இரண்டு மாதமோ, ரொட்டி வேன் எங்காவது விடியற்காலையில் நிற்கும். திறந்து பார்த்தால் பூட்டியவன் இளையவன். இன்னொரு அறுபதாயிரம்.

லேப் பண்ணலாம். வேன் பிழைக்கும். ஆனால் அத்தான் பார்த்துவிட்டால் வேலை போகும். வேலை போனால் பாக்கி மொத்தத்தையும் ஒரே தடவையில் வை என்பார். வைக்க எங்கே போவது?

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அக்கா வாயைத் திறக்க வேண்டும். அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை அக்கா அடுக்கியபடியே உள்ளே இறக்கினான். குழியில் மண்ணெண்ணெய் ஊற்றினான். நன்றாக உட்கார்ந்த வால்வு ஒரு சொட்டுக்கூட விடாது. குனிந்து பக்கவாட்டுத் துளைகளைப் பார்த்தான். மூன்று இடத்தில் கசிந்தது. ஒன்றில் சொட்டே விழுந்தது.

"பேஸ்ட்டு டப்பா எங்க?" என்றான்.

அத்தான் அதைத் தூக்கி எறிந்துவிட்டதாகத்தான் அவன் நினைத்திருந்தான். அக்கா கணக்கு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு எடுத்துக்கொடுத்தாள். காய்ந்து கட்டியாகியிருந்தது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைத்தான்.

ரப்பர் கிண்ணி வைத்த மரக்குச்சியை வால்வின் தலையில் ஒட்டவைத்து, விளிம்பில் பொட்டு மாதிரி பேஸ்ட் தொட்டு, காம்பில் எண்ணெய் தடவி, சீட்டில் இறக்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குச்சியை உருட்டினான். முதலில் கை வரவில்லை. விரல்கள் திருட்டுத்தனம் செய்வது மாதிரி கூசின. ஒன்று, இரண்டு, மூன்று உருட்டு. கரகரவென்று, பல்லுக்கடியில் மண் மாட்டிய சத்தம். தூக்கு, கால் வட்டம் திருப்பு, வை. மறுபடி உருட்டு. நாலாவது தடவையில் தோள் இறங்கியது. எட்டாவது தடவையில் சத்தம் மெலிந்து, பட்டுத்துணியைத் தடவுவதுபோல ஆனது.

துடைத்துப் பார்த்தான். வால்வைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். எங்கும் அறுபடாமல், ஒரே அகலத்தில்.

அந்த வளையத்தை அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கை அன்றைக்கும் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ள இருபத்தாறாயிரத்து அறுநூறு ஆகியிருக்கிறது.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அவன் அடுத்த வால்வை எடுத்தான்.

எட்டு வால்வும் முடிய இரண்டரை மணி ஆனது. அக்கா ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்துக் கொடுத்தாள். மண்ணெண்ணெயில் ஒரு தடவை, சோப்புத் தண்ணீரில் ஒரு தடவை, பிறகு காற்றடித்து, பிறகு வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். துணி வெள்ளையாகவே இருந்தது. எண்ணிக்கொண்டு இன்னும் இரண்டு தடவை துடைத்தான்.

அப்போதுதான் வாசலில் வண்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது. மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவர் முன்னாலேயே வந்துவிட்டார்.

*

அத்தான் முதலில் டப்பாவைப் பார்த்தார். பிறகு இளையவனைப் பார்த்தார்.

"கையைக் காட்டு."

காட்டினான். நகக்கண்ணில் சாம்பல் நிறம்.

"யாரைக் கேட்டுப் பண்ணினே?"

இளையவன் அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் காட்டிக்கொடுத்தது மாதிரி ஆகிவிடும். "மண்ணெண்ணெய் ஊத்திப் பாருங்க அத்தான்" என்றான்.

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நீங்க ஊத்திப் பாருங்க."

அத்தான் ஊற்றினார். வேலை தெரிந்த மனிதர். ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடித்து, குனிந்து, விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பத்து நிமிடம் நின்று பார்த்தார். பாலைவனம் மாதிரி காய்ந்து கிடந்தது.

பார்த்ததை ஒப்புக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. "அதது இடத்துல வச்சிருந்தாலும் இப்படித்தான் நின்னிருக்கும்" என்றார். "அப்புறம் எதுக்குத் தேய்ச்சே? காரணம் இல்லாம ஒருத்தன் மூணு மணி நேரம் வேலை செய்வானா? சொல்லு. எதுக்கு?"

சரியான கேள்வி. இந்தக் கேள்வியைப் பத்தொன்பது மாதத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருக்கலாம்.

பதில் சொல்ல வேண்டியது இளையவன் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள். ஒரே ஒரு வாக்கியம். அட்டை நனைந்துவிட்டது என்று சொன்னால் போதும். பழைய கதைகூட வேண்டாம், இன்றைய கதையைச் சொன்னாலே போதும்.

அத்தான் மனைவி பக்கம் திரும்பினார். "நீ இங்கதானே இருந்தே? உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுவும் தெரியாதுங்க" என்றாள் அக்கா. "நான் கழுவிக் குடுத்துட்டு உள்ள போயிட்டேன்."

நம்ப முடியாமல் இளையவன் இப்போது அவளைப் பார்த்தான். அவள் கையில் இருந்த வெள்ளைத் துணியை, துவைத்த துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டிருந்தாள்.

இனி அவன் சொன்னால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். கடனுக்குப் பயந்து கூடப்பிறந்தவள்மேலேயே பழி போடுகிறான் என்பார்கள். பேஸ்ட்டு சொல்லை யார் எடுப்பார்கள்?

"எனக்குத் தோணுச்சு. பண்ணினேன்" என்றான்.

"தோணுச்சா! இந்த வண்டி மட்டும் நிக்கட்டும், அப்புறம் இருக்குது உனக்கு."

*

ஆறு மணிக்கு வேன் ஒரே சாவியில் எழுந்தது. ரேடியேட்டர் மேல் வைத்த டம்ளரில் தண்ணீர்கூட ஆடவில்லை. ரொட்டிக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "புது வண்டி வாங்கினப்பகூட இப்படி ஓடலப்பா. யாரு கைவேலை?" என்றார்.

"நம்ம பட்டறை வேலைதான்" என்றார் அத்தான்.

ரொட்டிக்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தானுக்கு அந்த நேரத்தில் நல்ல மனநிலை. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, அக்கா கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு துணிப்பை.

"என்னங்க. தம்பி பாக்கியை இன்னையோட முடிச்சிடலாம்."

"பைத்தியமா உனக்கு?"

"நான் கட்டறேன். நான் சேர்த்து வச்சது நாப்பதாயிரம் இருக்குது. மிச்சம் ஆயிரத்து அறுநூத்தி அம்பதை நீங்க விட்டுடுங்க."

அத்தான் துணிப்பையைப் பார்த்தார். ஐந்தும் பத்துமாக எத்தனையோ வருடம் சேர்த்த பணம். பணம் எங்கிருந்து வந்தால் அவருக்கு என்ன? எண்ணினார். சரியாக இருந்தது. அவர் முகமே மாறிவிட்டது.

"பார்த்தியாடா? அக்கான்னா இப்படி இருக்கணும். வேற எவ செய்வா? சரி, நானும் ஆயிரத்து அறுநூத்தி அம்பதை விட்டேன். எழுது."

அக்கா உட்கார்ந்தாள். பக்கத்தைத் திருப்பினாள். இளையவனுக்கும் அந்தப் பக்கம் தெரிந்தது. மேலே முதல் வரி அவள் கையெழுத்தில்: 'என்ஜின் நஷ்டம். பேஸ்ட் துடைக்காமல் விட்டதால்.' அதன் கீழே பத்தொன்பது வரி.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்குது" என்றாள், தலை நிமிராமல். "என்ன எழுதட்டும்?"

"நடந்ததை எழுதுக்கா" என்றான் இளையவன்.

பேனா கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது. அந்தக் கொஞ்ச நேரத்தில், வெட்கமில்லாமல், அவனுக்கு ஒரு நம்பிக்கைகூட வந்தது. பிறகு பேனா இறங்கியது. மணிமணியாக எழுதினாள்: 'தம்பி குடும்பக் கஷ்டத்தை முன்னிட்டு அக்கா கட்டியது.'

பணத்தைக் கொடுத்துவிட்டாள். வார்த்தையை மட்டும் கொடுக்கவில்லை.

"கையெழுத்துப் போடு" என்று அத்தான் புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினார்.

"மேல இருக்கிற அந்த முதல் வரியை அடிச்சிட்டுப் போடலாமா அத்தான்?"

"எதுக்கு? கணக்குன்னா ஆரம்பமும் இருக்கணும், முடிவும் இருக்கணும். தப்புப் பண்ணினே, அக்கா காப்பாத்தினா. இதுல என்ன கௌரவம் பார்க்கறே?"

இளையவன் அக்காவைப் பார்த்தான். அடிக்க வேண்டிய வரி அவள் விரலுக்கு நேர் கீழே இருந்தது. அவள் விரல் அசையவில்லை.

போடாமல் இருந்தால் முப்பது மாதம். போட்டால், தப்பு தன்னுடையதுதான் என்று தன் கையாலேயே எழுதிக்கொடுத்தது ஆகும். சலவைக்கடையில் இந்நேரம் சம்சாரம் கடைசித் துணிக்கட்டைப் பிரித்து, காலை மாற்றி மாற்றி வைத்து நின்றுகொண்டிருப்பாள். இன்னும் முப்பது மாதம் அப்படி நிற்கவேண்டும்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

"பெரிய மனசுக்கா உனக்கு" என்றான்.

அத்தான், "அப்படிச் சொல்லு" என்று தலையை ஆட்டினார். அக்கா மட்டும், அடி வாங்கியவள் மாதிரி, ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். இளையவன் பார்க்கவேண்டும் என்று நினைத்ததைப் பார்த்தாகிவிட்டது. அதிலும் ஆறுதல் ஒன்றும் இல்லை.

பக்கத்தின் குறுக்கே அத்தான் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார். 'பாக்கி இல்லை' என்று எழுதச் சொன்னார். அக்கா எழுதினாள்.

இளையவன் எண்ணெய்ச் சட்டையைக் கழற்றி, வீட்டுச் சட்டையை மாட்டினான். பொத்தானைப் போட்டுக்கொண்டே தன்னுடைய சாமான்களை மேஜையிலிருந்து பொறுக்கினான். ரப்பர் கிண்ணிக் குச்சி, சுரண்டி, சொந்தக் காசில் வாங்கிய இரண்டு ஸ்பேனர். துணியில் சுற்றினான்.

"நாளைக்கு எட்டு மணிக்கே வந்துடு, பேஸ்ட்டு" என்றார் அத்தான். "ரெண்டு ஹெட்டு இறங்குது."

"கடன் தீர்ந்துடுச்சே அத்தான்."

"தீர்ந்துடுச்சு. அதுக்கென்ன இப்போ?"

"அதுக்காகத்தான் இத்தனை நாளும் வந்துக்கிட்டிருந்தேன்."

அத்தான் சிரிக்கப்போனார். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தார். மனைவி சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"டேய், உனக்கு வேற எங்கடா வேலை கிடைக்கும்? இந்தத் தெருவுல உன் பேரு தெரியாத ஆளு இருக்கானா?"

அது வாஸ்தவம். வேறு எங்கே கிடைக்கும் என்று இளையவனுக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனதும், கடன் எப்படித் தீர்ந்தது என்று சம்சாரம் கேட்கப்போகிறாள். அதற்கு என்ன சொல்வது என்றும் தெரியாது. சுற்றிய துணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

"தம்பி, சாப்பிட்டுட்டாவது போடா" என்றாள் அக்கா, பாதி எழுந்து.

அவன் திரும்பவில்லை. அவள் திறந்த புத்தகத்தின் முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். அந்தப் பக்கத்தில் அவன் பெயருக்கு நேராக இனி எழுதுவதற்கு ஒன்றுமில்லை.